தாளிப்பை மட்டும் கடையில் வாங்காதீர்கள்

கேள்வி இதுதான். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை. வாரத்தில் நான்கு ராத்திரி ஆப்பில்தான் சாப்பாடு வருகிறது. வீட்டில் சமைக்க ஆசை. ஆனால் பாக்கெட் மாவு, இஞ்சி பூண்டு விழுது, நறுக்கிய காய் என்று வாங்கி வைத்தால், ஊரிலிருந்து வரும் அம்மா "இதுக்கு ஹோட்டல்லயே சாப்பிட்டுட்டுப் போகலாமே" என்கிறார். எதை வாங்கலாம், எதை வாங்கினால் காசுக்குக் கேடு?

முதலில் அம்மாவின் கணக்கை முடித்துவிடுவோம். ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டியவர்கள், கிரைண்டர் வந்தபோது இதையேதான் சொன்னார்கள். "கல்லுல ஆட்டின ருசி இதுல வருமா?" இன்றைக்குக் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அதில் அரைத்ததைத்தான் நாம் "வீட்டு மாவு" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அம்மாவுக்கு அம்மா அம்மியில் அரைத்தார், அம்மா மிக்ஸியில் அரைத்தார், நீங்கள் பாக்கெட்டைப் பிரிக்கிறீர்கள். ஒவ்வொரு தலைமுறையும் ஏதோ ஒரு வேலையைக் கைமாற்றிவிட்டிருக்கிறது. எதைக் கைமாற்றுவது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் சமையல் என் பொறுப்பு. மனைவி நர்ஸ், ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும். நான் உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன், வீடு வந்து சேர ஏழாகிவிடும். பதினான்கு வருடமாக வண்டி இப்படித்தான் ஓடுகிறது. வருடா வருடம் வெயில் காலத்தில் கும்பகோணத்திலிருந்து மாமியார் வருவார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு, அதில் தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் பிசைந்து, விளக்கெண்ணெய் தொட்டு, பகலில் வெயிலில் உதிர்த்துக் காயவைத்து, சாயங்காலம் மறுபடி உருட்டி, இப்படிப் பத்துப் பதினைந்து நாள் பாடுபட்டால் கருப்பாக, கெட்டியாக ஓர் உருண்டை வரும். வருடம் முழுக்க, எண்ணெய் காய்ந்ததும் அதில் ஒரு துண்டு கிள்ளிப் போட்டால் போதும். வெங்காயம் உரிக்க வேண்டாம், பூண்டு உரிக்க வேண்டாம், அஞ்சறைப் பெட்டியைக்கூடத் திறக்க வேண்டாம். என் அலமாரியில் மசாலா பாக்கெட்டைப் பார்த்து அத்தை ஒருமுறை "இதெல்லாமா மாப்பிள்ளை வாங்குறீங்க?" என்று முகத்தைச் சுளித்தார். தூக்கைக் காட்டி, "அப்ப இது என்ன அத்தை?" என்றேன். சிரித்துவிட்டு, "இது நான் போட்ட பாக்கெட்டு" என்றார். உங்கள் அம்மாவுக்கும் அதைத்தான் பதிலாகச் சொல்லச் சொல்வேன், கொஞ்சம் பதவிசாக.

சரி, எதை வாங்கலாம்? அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு நாள் சமைக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சமையுங்கள். நான் அப்படிச் செய்து பார்த்தது ஒரு சாதாரண முருங்கைக்காய் சாம்பார். பருப்பு கழுவி, வேகவைத்து, ஆவி அடங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. புளி ஊறிக் கரைக்கப் பத்து நிமிடம், சின்ன வெங்காயம் உரிக்க மட்டும் பன்னிரண்டு நிமிடம். அடுப்பின் முன் நின்று உண்மையிலேயே "சமைத்த" நேரம், அதாவது குழம்பு கொதித்து, பொடி வாசனை மாறி, தாளித்துக் கொட்டும் வரை, ஒரு கால் மணி. ஆக, ஏழரை மணிக்கு நம்மை போனை எடுக்கவைப்பது அந்தக் கால் மணி நேரம் அல்ல. அதற்கு முன்னால் இருக்கும் உரித்தல், ஊறவைத்தல், வேகவைத்தல்தான். வாங்க வேண்டியதும் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியதும் அந்தப் பகுதியை. கடைசிக் கால் மணி நேரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் எந்த வேலையில் வண்டி நிற்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு வெங்காயம். என் மனைவிக்குத் தேங்காய் துருவுவது. அதற்குப் பயந்தே சட்னி வேண்டாம் என்பாள். இன்னொருவருக்குப் பாத்திரம் கழுவுவதாக இருக்கும். அதற்கு ஒரே வழி, குக்கருக்குள் அடுக்குப் பாத்திரம் வைப்பது. கீழே பருப்பு, மேலே அரிசி, ஓரத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் புளியும் கொஞ்சம் தண்ணீரும். மூன்றும் ஒரே தடவையில் தயார். அந்தப் புளி கைவைத்தவுடன் கரையும்.

பருப்பில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதில் கடைக்கே போக வேண்டாம். ஒரு டம்ளர் துவரம் பருப்பு போடும் இடத்தில் இரண்டு டம்ளர் போடுங்கள். அரை மணி ஊறவைத்து, மஞ்சள், ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, நான்கு விசில். உப்பும் புளியும் இப்போது வேண்டாம். புளி சேர்ந்தால் பருப்பு வேக நேரமாகும். ஆறியதும் மூன்று டப்பாவில் பிரித்து ஃப்ரிட்ஜில். திங்கள் சாம்பார். செவ்வாய் அதே பருப்புத் தண்ணீரில் தக்காளி ரசம். புதன் கீரையைப் போட்டு மசியல், அல்லது சுரைக்காய் கூட்டு. மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். மூன்றும் வேறு வேறு ருசி; மூன்று நாளும் ஒரே பருப்பைச் சாப்பிட்டோம் என்று எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

பாக்கெட் மாவு. தாராளமாக வாங்குங்கள். அரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவிட்டதைத் தவிர அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. பாக்கெட்டின் பின்பக்கம் சோடாவோ வேறெதுவோ எழுதியிருந்தால் வைத்துவிடுங்கள். பாக்கெட் லேசாக உப்பியிருந்தால் பயப்பட வேண்டாம், புளிக்கும்போது வரும் வாயுதான் அது. ஆனால் நாள் பார்த்துப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். முதல் நாள் மாவில் இட்லி. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்து அரை மணி வெளியே வைத்து, அடித்துக் கலக்காமல் ஊற்றுங்கள்; அதில் இருக்கும் காற்றுதான் இட்லியைத் தூக்கிவிடுகிறது. இரண்டாம் மூன்றாம் நாள் தோசை. அதற்கப்புறம் புளிப்பு ஏறிவிடும். அப்போது வெங்காயம், பச்சை மிளகாய் போட்டு ஊத்தப்பம், அல்லது கடுகு தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். ஒரு முறை பேர் போடாத பாக்கெட் ஒன்றை ஒரு கடையில் வாங்கி, மே மாத வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் வைத்து, வழியில் ஒரு நண்பரோடு நின்று பேசிவிட்டேன். வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தால், வண்டியின் ஆர்சி புத்தகம் மாவில் ஊறிக்கொண்டிருந்தது. தப்பு கடை மேல் இல்லை, அரட்டை மேல்.

மாவே இல்லாத நாளுக்கு ரவை இட்லி. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரிசி கிடைக்காமல் போனபோது ரவையில் இட்லி செய்யத் தொடங்கினோம் என்பது பெங்களூர் எம்.டி.ஆர். ஹோட்டல் சொல்லும் கதை. தட்டுப்பாட்டில் பிறந்த சுலப வழி, இன்று தனிப் பலகாரம். வறுத்த ரவை, தயிர், தாளிப்பு, ஒரு சிட்டிகை ஆப்பசோடா. இருபது நிமிடம் ஊறினால் போதும்.

இஞ்சி பூண்டு விழுது விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கடை விழுது கெட்டுப்போகாமல் இருக்க உப்பும் புளிப்பும் சேர்ப்பார்கள். லேபிளில் ஐ.என்.எஸ். (உணவில் சேர்க்கும் பொருள்களுக்கான சர்வதேச எண்) 330 என்றிருந்தால் அது சிட்ரிக் அமிலம், எலுமிச்சையில் இருக்கும் அதே புளிப்பு. 211 என்றால் சோடியம் பென்சோயேட், கெடாமல் இருக்கச் சேர்ப்பது. விஷமெல்லாம் இல்லை. ஆனால் புளிப்பு புளிப்புதான். பட்டாணிக் குருமாவில் தெரியாது. பிரியாணியிலும் வெள்ளைக் குருமாவிலும் தெரியும். வீட்டில் செய்வது பெரிய வேலை இல்லை. இஞ்சி கால் கிலோ, பூண்டு கால் கிலோ, ஒரு ஸ்பூன் உப்பு, தண்ணீர் விடாமல் அரையுங்கள். ஜிப் கவரில் போட்டு அப்பளம் மாதிரி தட்டையாகத் தட்டி ஃப்ரீசரில் வைத்தால், தேவைப்படும்போது சாக்லெட் ஒடிப்பது போல ஒடித்துப் போடலாம். பூண்டை வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டுவைத்தால் தோல் தானாகக் கழன்று வரும்.

ஒரு எச்சரிக்கை, இது என் வேலையோடு சேர்ந்தது. பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவைத்து, பாட்டிலில் அடைத்து, சமையல் மேடையில் வைக்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. செய்யாதீர்கள். எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை, பூண்டில் புளிப்பு இல்லை. பாட்டுலிசம் என்ற உயிருக்கு ஆபத்தான நோயை உண்டாக்கும் கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. கெட்டுப்போனது வாசனையிலும் தெரியாது. பூண்டு ஊறுகாய்க்கு இந்தப் பயம் இல்லாததற்குக் காரணம் அதில் இருக்கும் புளியும் எலுமிச்சையும் உப்பும். அதே மாதிரி, மிஞ்சிய சோற்றை ராத்திரி முழுக்கக் குக்கரிலேயே விட்டுவிட்டுக் காலையில் தாளித்து லெமன் சாதம் ஆக்குவதும் வேண்டாம். வெந்த சோற்றிலும் சாகாத கிருமி வித்துகள் உண்டு. மறுபடி சூடாக்கினால் அது விட்டுவைத்த நஞ்சு போகாது. ஆறியதும், அதாவது ஒரு மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜில். எலுமிச்சை சாதத்துக்கும் ஃப்ரைடு ரைஸுக்கும் ஃப்ரிட்ஜ் சோறுதான் உதிரியாக வரும் என்பது கூடுதல் லாபம்.

நறுக்கிய காய்க்கு வருவோம். சென்னையில் மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டி சாயங்காலம் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். உரித்த சின்ன வெங்காயம், பொடியாக நறுக்கிய பீன்ஸ், ஆய்ந்த வாழைப்பூ, வட்டம் போட்டு நாரெடுத்த வாழைத்தண்டு, கூட்டுக்குக் கலவைக் காய் எல்லாம் பாக்கெட் பாக்கெட்டாக இருக்கும். ஆபீஸ் விட்டு ரயில் ஏறும் பெண்கள் வாங்கிப் போவார்கள். அவர்கள் வாங்குவதைக் கவனித்தாலே பாடம். கையில் பிசின் ஒட்டும் காய், அரிக்கும் காய், உரிக்க நேரமாகும் காய். வாழைப்பூ, சேனை, சின்ன வெங்காயம், மொச்சை. இவற்றுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு தகும். கத்தரிக்காயையும் உருளைக்கிழங்கையும் நறுக்கியதாக யாரும் வாங்குவதில்லை. கறுத்துப்போகும், நறுக்கவும் இரண்டு நிமிடம்தான். வாங்கியதை அன்றைக்கே, மீறினால் மறுநாளே சமைத்துவிடுங்கள், நன்றாகக் கழுவிவிட்டு.

முருங்கைக்கீரைக்குக் காசே வேண்டாம். கட்டை வாங்கி வந்ததும் ஈரமில்லாத துண்டில் இறுக்கிச் சுற்றி ராத்திரி அப்படியே வைத்துவிடுங்கள். காலையில் பிரித்து உதறினால் இலைகள் பொலபொலவென்று கொட்டும். முதல் முறை பார்த்தபோது எனக்கு வித்தை மாதிரி இருந்தது. இப்போதும் அந்தத் துண்டை உதறும் வேலையைப் பையனிடம் விடுவதில்லை.

மசாலாப் பொடிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாம்பார் பொடி, ரசப்பொடி, மிளகாய்த்தூள் கடையில் வாங்குவது குற்றமல்ல. மிளகாய், மல்லி காயவைத்து மிஷினில் அரைத்து வர மொட்டை மாடியும் வெயிலும் ஒரு ஆளும் இருந்தால் அது தனிச் சுகம், இல்லாவிட்டால் போகட்டும். சின்ன பாக்கெட்டாக, ஐம்பது கிராம் நூறு கிராமாக வாங்குங்கள். கிலோ பாக்கெட் மலிவுதான், ஆனால் பிரித்த இரண்டாம் மாதத்தில் நிறம் மட்டும்தான் மிச்சம் இருக்கும். உப்பு ஏற்கெனவே கலந்த மிக்ஸ்களில் மட்டும் சோடியம் கணக்கைப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது சுமார் 2000 மில்லிகிராம் சோடியம். சில உடனடி சூப், நூடுல்ஸ் பாக்கெட்டுகளில் ஒன்றைச் சாப்பிட்டாலே அதில் பெரும்பங்கு போய்விடும். லேபிளில் எது அதிகமோ அதுதான் முதலில் எழுதப்பட்டிருக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். "தக்காளி மிக்ஸ்" என்று பேர் வைத்து முதல் வரியில் உப்பு இருந்தால், நீங்கள் வாங்குவது உப்பு.

தேங்காயைத் துருவி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு காய், டிவி பார்த்துக்கொண்டே. அவ்வளவுதான்.

இப்போது, வாங்கவே கூடாது என்று நான் நினைப்பவை. கவரோடு வெந்நீரில் போட்டுச் சூடாக்கும் சாம்பார், பாக்கெட் தேங்காய்ச் சட்னி, பிரித்துக் கலக்கினால் போதும் என்கிற ரசம். இவை கெடுதல் என்பதற்காகச் சொல்லவில்லை. இவற்றில் தாளிப்பு பழசு. கடுகு வெடிக்கும்போது, கறிவேப்பிலை எண்ணெயில் சடசடக்கும்போது, பெருங்காயம் பொரியும்போது எழும் வாசனை எண்ணெயோடு காற்றில் போகிற சமாச்சாரம். அதை எந்தக் கவராலும் ஆறு மாதம் பிடித்து வைக்க முடியாது. அதனால்தான் கடைப் பருப்புப்பொடி சோற்றில்கூட ஒரு கரண்டி நெய்யில் இரண்டு மிளகாய் வற்றல் தாளித்துக் கொட்டினால் வீடு மணக்கிறது. எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்துக்காரர் மெஸ்ஸில் வாங்கிய வத்தக்குழம்பை வாணலியில் ஊற்றி, நல்லெண்ணெயில் கொஞ்சம் பூண்டும் சுண்டைக்காய் வற்றலும் பொரித்துச் சேர்ப்பார். சோறு வீட்டில், குழம்பு மெஸ்ஸில், தாளிப்பு அவர் கையில். அதை வீட்டுச் சாப்பாடு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆப்பில் முழுச் சாப்பாடு சொல்வதற்கு ஆகும் செலவில் பாதிகூட அவருக்கு ஆவதில்லை.

என் தோல்வி ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்களும் அதைத்தான் முதலில் செய்யப்போகிறீர்கள். ஆரம்பத்தில் உற்சாகம் தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் நின்று வாரம் முழுவதுக்கும் தயார் செய்தேன். பதினொரு டப்பா. நறுக்கிய ஆறு காய், இரண்டு சட்னி, தக்காளித் தொக்கு, அவித்த கொண்டைக்கடலை, இன்னும் என்னென்னவோ. ஒவ்வொன்றின் மேலும் டேப் ஒட்டித் தேதி எழுதினேன். செவ்வாய் வரை ராஜா மாதிரி இருந்தேன். வியாழக்கிழமை சட்னி புளித்தது, நறுக்கிய கத்தரிக்காய் கறுத்தது, பீன்ஸ் வழவழத்தது, வெள்ளிக்கிழமை மூன்று பேரும் பரோட்டா சொல்லிச் சாப்பிட்டோம். அடுத்த ஞாயிறு அடுப்பங்கரைப் பக்கம் போகவே வெறுப்பாக இருந்தது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டது, சமைக்கும் நாளிலேயே கூட ஒரு பங்கு செய்துவைப்பது. பருப்பு வைக்கும்போது இரண்டு பங்கு, வெங்காயம் தக்காளி வதக்கும்போது இரண்டு பங்கு, கடலை ஊறவைக்கும்போது இரண்டு பங்கு. மிச்சப் பங்கு ஃப்ரீசருக்கு. தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, சமைப்பதைவிடக் களைப்பானது "இன்னைக்கு என்ன பண்றது?" என்ற கேள்வி. மெஸ்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். என்ன கிழமை என்று சொன்னால் என்ன குழம்பு என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டில் ராத்திரிக்குத் திங்கள் இட்லி சாம்பார், செவ்வாய் ரசம் சோறு அப்பளம், புதன் சப்பாத்தியும் ஃப்ரீசர் மசாலாவில் ஏதாவது ஒரு குருமாவும், வியாழன் தோசை, வெள்ளி விடுமுறை. வெள்ளிக்கிழமை வெளியே வாங்குவதற்கு யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. பிள்ளை முதலில் முணுமுணுத்தான், இப்போது "இன்னைக்குச் செவ்வாய்தானே, அப்பளம் நான் சுடுறேன்" என்கிறான். நீங்கள் நாலு ராத்திரி ஆப்பில் வாங்குகிறீர்கள் என்றால் முதல் மாதம் அதை இரண்டாக்கப் பாருங்கள். ஒரேயடியாகப் பூஜ்ஜியம் ஆக்க நினைத்தால் பதினொரு டப்பா கதைதான்.

கடைசியாக, எதுவுமே இல்லாத ராத்திரிக்கு ஒரு பாட்டில் வேண்டும். புளிக்காய்ச்சல் செய்து வையுங்கள். நூறு கிராம் புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள். அடிகனமான வாணலியில் நல்லெண்ணெய் தாராளமாக, ஒரு சின்ன டம்ளர் அளவு. கடுகு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, ஒரு கை வேர்க்கடலை, பத்துப் பன்னிரண்டு மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, பெருங்காயம். கடலை சிவந்ததும் புளிக்கரைசல், மஞ்சள்தூள், கல் உப்பு. தீயைக் குறைத்து விட்டுவிடுங்கள். இருபது இருபத்தைந்து நிமிடத்தில் தளதளவென்று கொதித்துச் சுண்டி, ஓரங்களில் எண்ணெய் பிரிந்து நிற்கும். அப்போது ஒரு ஸ்பூன் வெந்தயமும் ஒரு ஸ்பூன் மல்லியும் வறுத்துப் பொடித்தது, சுண்டைக்காய் அளவு வெல்லம். ஆறியதும் கண்ணாடி பாட்டிலில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் வரும். எட்டரை மணிக்கு வீட்டுக்கு வந்த நாளில் சோறு மட்டும் வைத்து, இரண்டு கரண்டி போட்டுக் கிளறி, மேலே பச்சை நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன். பாட்டிலுக்குள் ஈரக் கரண்டி மட்டும் போகக் கூடாது.